கண்டி புகையிரத நிலையமும் குட்செட் முற்றமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கண்டிக்கு வரும் பஸ்ஸில் நடத்துநர் "குட்செட், குட்செட்" என்று கூவுவார். Goods Shed, அதாவது ரயில் சரக்குக் கொட்டகை என்ற ஆங்கிலப் பெயர்தான் அது. இறங்குகிறவர்களுக்கோ அது வெறும் இடப்பெயர். அங்கே என்ன சரக்கு இறங்கியது, யாருடைய கொட்டகை நின்றது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெயருக்குள் கண்டி நிலையத்தின் வரலாற்றில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. நிலையத்துக்கு வெளியே இன்றுள்ள தொல்லைகளில் பலவும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

தொல்லைகள் மூன்று. பெருமழை பெய்தால் நிலையத்துக்குள்ளும் அதன் வாசல் வீதியிலும் தண்ணீர் ஏறுகிறது. நீண்ட ரயில் ஒன்று வந்தால் சில நிமிடங்களில் முன்முற்றம் அடைபடுகிறது. நானுஓயா, எல்ல, பதுளைப் பக்கம் போக வந்தவர்கள் தாங்கள் நிற்பது சரியான நிலையமா என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். முதலாவதற்குக் கால்வாயையும், இரண்டாவதற்குப் பஸ்களையும், மூன்றாவதற்கு நேர அட்டவணையையும் குறை சொல்வது வழக்கம். நமது கணிப்பு வேறு. 1867இல் நிலையத்துக்குத் தெரிவுசெய்த இடமும், 1874இல் பிரதான பாதை கண்டியைப் பக்கத்தில் விட்டுவிட்டு நாவலப்பிட்டிக்குப் போன விதமும்தான் மூன்றுக்கும் வேர்.

கோப்பிக்காக வந்த பாதை

இலங்கையில் ரயில் ஓடவேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் பயணிகள் அல்லர், கோப்பித் தோட்டத்துரைமார். மாட்டுவண்டியில் கோப்பி மூட்டையைக் கொழும்புக்கு இறக்கக் கூலியும் நாட்களும் கரைந்தன. மழைக்காலத்தில் வண்டி பாதியில் நின்றால் மூட்டையும் கெட்டது. இதற்காக 1845இல் இலங்கை ரயில்வே கம்பனி தொடங்கப்பட்டது. 1858 ஆகஸ்ட் 3ஆம் திகதி ஆளுநர் சர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். பணக்கணக்கு கையை மீறிப் போகவே கம்பனி ஒதுங்கியது, அரசாங்கமே பொறுப்பேற்றது. ஒப்பந்தகாரர் பேவியெல். பொறியியலுக்கும் நிருவாகத்துக்கும் தலைமை தாங்கியவர் கில்ஃபர்ட் மோல்ஸ்வர்த். 1864 டிசம்பர் 27இல் அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் கண்டி வந்தது.

பாதை அகலப்பாதை, இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீற்றர். மலைக்கு இவ்வளவு அகலம் தேவையா என்ற வாதம் பின்னர் பலமுறை எழுந்தது. அகலம் கூடினால் வளைவை இறுக்கிப் போடுவது கடினம், வெட்டும் மலையும் கூடும். ஆனால் பாரச் சரக்கு என்ற கணக்கில் அகலமே வென்றது.

ஏற்றத்தின் கணக்கு எளிது. ரம்புக்கனை கடல்மட்டத்திலிருந்து சுமார் 90 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கடுகண்ணாவை சுமார் 515 மீற்றரில். இடைப்பட்ட 425 மீற்றரை 1:45 என்ற சரிவில் ஏறவேண்டும் என்றால், ஒவ்வொரு 45 மீற்றர் ஓட்டத்துக்கும் ஒரு மீற்றர்தான் உயரலாம். அப்படியானால் ஏறத்தாழ 19 கிலோமீற்றர் பாதை வேண்டும். மலைச்சரிவைச் சுற்றிச்சுற்றி, சுரங்கம் குடைந்து, பாறை விளிம்பில் தொங்கி அந்தத் தூரத்தைத்தான் தேடி எடுத்தார்கள். கொழும்பிலிருந்து ரம்புக்கனை வரை இரட்டைப் பாதை, அதன்பிறகு ஏற்றம் ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டி ஒரு நிலையத்தில் ஒதுங்கினால்தான் மற்றது ஏறலாம். ஆகவே கீழே ஒரு வண்டி பிந்தினால் கண்டியிலும் பிந்துகிறது.

கவனிக்கவேண்டியது இன்னொன்று. கண்டி நிலையம் கடுகண்ணாவையை விடத் தாழ்வில், 490 மீற்றருக்குக் கிட்ட உள்ளது. பாதை கடுகண்ணாவையில் உச்சியைத் தொட்டு, பேராதனைக்கு இறங்கி, மகாவலியைத் தாண்டிக் கண்டிக்குச் சற்றே ஏறி முடிகிறது. மலைநகரத்து நிலையம் என்றாலும் அது நிற்பது குழிக்குள்.

ஏன் அந்தக் குழிக்குள்?

நிலையத்துக்குத் தட்டையான நிலம் வேண்டும். காரணம் அழகு அல்ல, பாதுகாப்பு. இயந்திரம் கழற்றிய பெட்டி சரிவில் நின்றால் தானாக உருண்டுவிடும். அகலப்பாதைப் பொறியியலில் நிலைய முற்றத்துக்கு 1:400 என்பது எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 300 மீற்றர் நீள முற்றத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் முக்கால் மீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று பொருள். நாலாபக்கமும் குன்று சூழ்ந்த கண்டியில் அப்படி ஒரு துண்டு பள்ளத்தாக்கின் அடியில்தான் கிடைக்கும். அந்த அடித்தளம்தான் போகம்பரை.

போகம்பரையில் முன்பு ஒரு குளம் இருந்தது. 1814இல் கண்டி அரசின் அதிகாரி எஹெலப்பொலவின் மனைவி குமாரிஹாமியை மூழ்கடித்துக் கொன்றது அந்தப் போகம்பரைக் குளத்தில்தான். பிரித்தானியர் காலத்தில் குளம் தூர்ந்து மைதானமாகியது. 1876இல் பக்கத்தில் போகம்பரைச் சிறை எழுந்தது. 2014 தொடக்கத்தில் அது மூடப்படும்வரை, நிலையத்திலிருந்து சந்தைக்கு நடப்பவர்களுக்கு அந்தச் சுவர்தான் வழிகாட்டி. சந்தைப் பக்க முனையில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை 1950 டிசம்பரில் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க திறந்துவைத்தார். கண்டிக்கு முதல்முறை வருகிறவர் இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும். ஒருபுறம் நிலையம், மறுபுறம் மணிக்கூடு, இடையில் போகம்பரை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

குளத்தை மூடலாம், குளத்துக்கு வந்த நீரை மூடமுடியாது. 1812இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டிமுடித்த கண்டி ஏரியின் மேற்கு முனையில் மிகைநீர் வெளியேறுகிறது. அது மெத எல, அதாவது நடுக்கால்வாய். நகரத்தின் அடியிலும் ஓரத்திலும் ஓடி, நிலையத்தைத் தொட்டு, தண்டவாளத்தோடு கூடவே சென்று கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. ஏரி நீர் மட்டுமல்ல, சுற்றியுள்ள குன்றுகளின் கூரைநீரும் வீதிநீரும் இதற்குத்தான்.

மண்ணும் மரமும் இருந்த குன்றில் பெய்யும் மழை ஊறி, மெதுவாக இறங்கும். சீமெந்து போட்ட குன்றில் பெய்யும் மழை உடனே ஓடும். மொத்த நீர் கொஞ்சம்தான் கூடியிருந்தாலும், அது வந்துசேரும் நேரம் குறுகிவிட்டதால் உச்சப் பாய்ச்சல் பன்மடங்காகிறது. கால்வாயோ அகலவில்லை. கரையோரக் கட்டடங்கள் அதை நெருக்கின, பாலங்களும் மதகுகளும் அதைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தன. ஒரு பிளாஸ்டிக் போத்தல் அடைப்பு மதகுக்கு மேற்பக்கம் நீர்மட்டத்தை உயர்த்தப் போதும். மிகத் தாழ்ந்த இடத்தில்தான் அது வெளியே வரும். தாழ்ந்த இடம் நிலையம்.

நீர் ஏறினால் ரயில் ஏன் நிற்கிறது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. டீசல்–மின் இயந்திரத்தின் இழுவை மோட்டார்கள் சக்கர அச்சோடு ஒட்டித் தாழ்வாகத் தொங்குகின்றன. தண்டவாளத் தலைக்கு மேல் சில அங்குலம் நீர் ஏறினாலே மோட்டாருக்குள் புகும் ஆபத்து. அதனால் வண்டியை நிறுத்துவதே சரி. பெரிய சேதம் நீர் வடிந்த பிறகுதான் தெரியும். சேற்றுநீர் சல்லிக்கற்களுக்கு இடையில் களிமண்ணை விட்டுச்செல்கிறது. சல்லியின் வேலை நீரை வடியவிடுவதும் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளை அசையாமல் பிடிப்பதும். களி நிறைந்தால் இரண்டும் போய்விடும். வண்டி ஏறும்போது கட்டை அமிழும், போனதும் எழும்பும், ஒவ்வொரு தடவையும் சேற்றை மேலே கக்கும். தண்டவாள மட்டம் கோணிப்போகும். பாதைமாற்றிகளின் கம்பிகளிலும் உருளைகளிலும் சேறு இறுகினால் அவை முழுதாக நகராது, முழுதாக நகராவிட்டால் சமிக்ஞை விழாது. சல்லியை வாரி, அலசி, திரும்ப இட்டு நெருக்குவது மெதுவான வேலை. கால்வாயைத் தூர்வாருவது எவ்வளவோ மலிவு. ஆனால் கால்வாய் ஒருவர் பொறுப்பு, தண்டவாளம் இன்னொருவர் பொறுப்பு, வீதி மூன்றாமவர் பொறுப்பு.

பக்கத்தில் விடப்பட்ட நிலையம்

பாதை 1867இல் கண்டியில் முடிந்தது. அதே ஆண்டில்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடத்தில் கோப்பி இலையில் துருநோய் கண்டது. கோப்பிக்காகக் கட்டிய பாதை, கோப்பி சாகும் காலத்தில்தான் மேலும் மலையேறியது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. இந்த நீட்சி கண்டியிலிருந்து புறப்படவில்லை, பேராதனைச் சந்தியிலிருந்து புறப்பட்டது. கண்டியைத் தாண்டித் தெற்கே திரும்ப மலை இடங்கொடுக்காது. மகாவலிப் பள்ளத்தாக்கோடு கம்பளைக்குப் போவதுதான் இயல்பான வழி. கண்டிக்கு மறுபக்கம் 1880இல் மாத்தளைக் கிளை போடப்பட்டது.

ஆகவே இரண்டாம் பெருநகரத்தின் நிலையம், பிரதான பாதையில் இல்லாத நிலையமாகியது. பேராதனையில் தண்டவாளம் முக்கோணமாக அமைந்திருக்கிறது. ஒரு முனை கொழும்பு, ஒரு முனை கண்டி, ஒரு முனை பதுளை. கொழும்பிலிருந்து பதுளைக்கு நேரே போகும் வண்டி கண்டியை எட்டிப் பார்ப்பதே இல்லை. வழக்கமான அட்டவணையில் உடரட்ட மெனிக்கே என்ற வண்டி அப்படிப் போகும். பொடி மெனிக்கே என்ற வண்டி கண்டிக்குள் வந்து, முகம் திருப்பி, வந்த வழியே பேராதனைக்குப் போய் மலையேறும்.

முகம் திருப்புவது எப்படி என்றால், இயந்திரம் இழுக்கும் வண்டியாயின் முதலில் பெட்டிகளுக்குத் தடை (பிரேக்) போட்டு நிறுத்தவேண்டும். பின் வெற்றிடத் தடைக் குழாயைக் கழற்றி, திருகு இணைப்பைத் தளர்த்தி எடுக்கவேண்டும். இயந்திரம் பக்கத்துப் பாதைவழியே மறுமுனைக்கு ஓடி, திரும்பக் கோத்து, வெற்றிடம் ஏறும்வரை காத்து, கடைசிப் பெட்டிவரை தடை பிடிக்கிறதா, விடுகிறதா என்று பார்க்கவேண்டும். குழாய் வளையத்தில் ஒரு இறப்பர் தேய்ந்திருந்தால் காற்று உள்ளே கசியும், வெற்றிடம் ஏறாது, தடை விடாது, வண்டி நகராது. இரு முனையிலும் சாரதி அறை உள்ள தொடர்வண்டிகளுக்கு இந்தப் பாடு இல்லை, சாரதி மட்டும் முனை மாறினால் போதும்.

பயணிக்கு இதில் இரண்டு பாடம் உண்டு. கண்டியில் ஏறி நானுஓயாவுக்கோ எல்லவுக்கோ போகவேண்டுமென்றால், அந்த வண்டி கண்டிக்குள் வருமா என்று முதலில் பார்க்கவேண்டும். வராவிட்டால் பேராதனைச் சந்திக்குப் போய் ஏறலாம். கண்டியிலிருந்து பேராதனைப் பக்கம் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் காலை நேர நெரிசலை நம்பிக் கடைசி நிமிடத்தில் கிளம்பக்கூடாது. இரண்டாவது: கொழும்பிலிருந்து பொடி மெனிக்கேயில் வருகிறவரின் இருக்கை கண்டிக்குப் பின் பின்னோக்கி ஓடும். ஜன்னலோரத்தை முன்கூட்டியே கணக்குப் பார்த்து எடுத்தவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

சரக்கும் சனமும்

கண்டிக் குட்செட்டில் இறங்கியதும் ஏறியதும் நேர் எதிரான இரண்டு பொருட்கள். கீழிருந்து அரிசி வந்தது. தோட்டத் தொழிலாளருக்குக் கணக்கில் எழுதிக் கொடுக்கும் அரிசி, பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொழும்புக்குக் கப்பலில் வந்தது. மேலிருந்து முதலில் கோப்பி மூட்டையும் பிறகு தேயிலைப் பெட்டியும் இறங்கின. இரண்டுக்கும் வண்டி திரும்ப அகலமான வாசல் வேண்டும், பாரம் இறக்க உயர்ந்த திண்ணை வேண்டும், ஒதுங்கி நிற்க வெளி வேண்டும். அந்த வெளிதான் பின்னால் பஸ்ஸுக்குப் பயன்பட்டது.

சனங்களும் ஒருவகையில் சரக்குபோலத்தான் நகர்த்தப்பட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் தொடக்கத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் தோட்ட இலக்கம் பொறித்த தகரத் துண்டைத் தொங்கவிட்டு அனுப்பும் முறை வந்தது. 1914இல் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் இணைந்தபின் நடந்து போவதற்குப் பதில் கோச்சி, அதாவது ரயில், வந்தது.

அதே பாதை பிறகு எதிர்த்திசையில் ஓடியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்ததால் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் கண்டியில் இருந்ததால், கடவுச்சீட்டு அலுவல் என்று தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குக் கண்டி என்றால் நிலையம், அலுவலகம், திரும்ப நிலையம். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. மலையக நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குக் குடும்பங்களை ஏற்றிச்சென்ற வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். வழியனுப்ப வந்தவர்கள் மேடையில் வைத்த ஒப்பாரிதான் பெயர்க்காரணம். நிலைய வரலாறு என்று எழுதப்படுபவற்றில் இயந்திரத்தின் வகுப்பு எண் இருக்கும், இந்தப் பெயர் இருக்காது. இரண்டையும் ஒன்றாக வைக்காமல் கண்டி நிலையத்தின் கணக்கு முடியாது.

சரக்கு போனது, கொட்டகையின் பெயர் நின்றது

லொறி மலிந்தபோது தேயிலை ரயிலைக் கைவிட்டது. தொழிற்சாலை வாசலில் ஏற்றினால் கொழும்பில் களஞ்சிய வாசலில் இறங்கும். ரயிலென்றால் தோட்டத்து லொறியிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கொழும்பு லொறிக்கு என்று இரண்டு தடவை கைமாற்றவேண்டும். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கூலி, உடைவு, தாமதம். காலியான குட்செட் நிலம் நீண்டதூரப் பஸ்களுக்கு வாய்த்தது. அட்டன், நுவரெலியா பஸ்கள் அங்கிருந்தே புறப்பட்டன. நகரில் வேறு தட்டை நிலம் இல்லை என்ற அதே 1867இன் காரணம்தான் இங்கும் வேலைசெய்தது.

ஆனால் சரக்கு முற்றம் ஆளுக்குப் பொருந்தாது. மூட்டை காத்திருக்கும், மழையில் நனைந்தால் படங்கு போடலாம், வீதியைக் குறுக்கே கடக்காது. ஆட்கள் அலையலையாக வருகிறார்கள்.

ஒரு வண்டியிலிருந்து 600 பேர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நமது நிலையங்களில் பயணச்சீட்டை வெளிவாசலில் திரும்ப வாங்குவார்கள். ஒரு சீட்டுக்கு ஒன்றரை வினாடி, வாசலில் இரண்டு பேர் என்றால் ஏழரை நிமிடம். நான்கு பேர் நின்றால் நான்கு நிமிடத்துக்குள் முடியும். வாசலை அகலப்படுத்தாமல் ஆளை மட்டும் கூட்டினாலும் பாதி நேரம் மிச்சம். வெளியே வந்த 600 பேரும் மூவர் மூவராக முச்சக்கரவண்டியில் ஏறினால் 200 வண்டி. ஒன்றுக்கு இரண்டரை மீற்றருக்கு மேல் என்றால் இடைவெளி விடாமலே அரைக் கிலோமீற்றர் வரிசை. அதே 600 பேருக்கு 50 இருக்கைப் பஸ் 12 போதும், அவை முன்னும் பின்னும் ஒட்டி நின்றாலும் 140 மீற்றருக்குள் அடங்கும். முற்றத்தில் முதல் உரிமை யாருக்கு என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. நடப்பது மறுதலை. வாசலுக்கு மிகக் கிட்ட முச்சக்கரவண்டி, பிறகு வேன், பஸ்ஸுக்கு மூட்டையோடு வீதியைக் கடக்கவேண்டும். கடப்பவருக்காகப் பஸ் நிற்க, அதன் பின்னால் வில்லியம் கோபல்லவ மாவத்தைவரை வரிசை நீள்கிறது.

இதோடு நகரத்தின் வாசல்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பேராதனைப் பக்கம் ஏ1, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஏ9, தென்னேகும்புரைப் பக்கம் ஏ26. மூன்றும் குன்றுகளின் இடுக்கு வழியே வந்து ஒரே குழிக்குள் இறங்குகின்றன. கொழும்பிலிருந்து மகியங்கனைக்குப் போகிறவருக்கும் வழி இந்த நடுவூர்தான். 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள நகரம் என்பதால் வீதியை இடித்து அகலப்படுத்தவும் இயலாது. எசல பெரஹரா நாட்களில் வீதிகள் மூடப்படும்போது நிலைய முற்றமே நகரத்தின் கடைசி வாசலாகிறது. அந்த நாட்களில் சுதுஹும்பொல, ரண்டல்ஸ் ஹில், சரசவி உயன போன்ற சிறு தரிப்பிடங்களில் இறங்கி நடப்பவர்கள் புத்திசாலிகள், அவர்களுடைய வண்டி அங்கே நிற்குமானால்.

புதிய முனையம்

உலக வங்கிக் கடனில் குட்செட் நிலத்தில் எழும் பல்வகைப் போக்குவரத்து முனையம், பஸ்ஸையும் ரயிலையும் ஒரே வளாகத்தில் பிணைக்கும் திட்டம். பஸ் நிலையத்துக்கு மட்டும் அழகான கூரை போடுவதானால் செலவு வீண். பார்க்கவேண்டியவை மூன்று. ரயில் மேடையிலிருந்து பஸ் மேடைக்கு வீதியைத் தொடாமல், மழையில் நனையாமல், மூட்டையோடும் முதியவரோடும் நடக்கமுடிகிறதா? பஸ் உள்ளே நுழையும் வாயும் வெளியேறும் வாயும் வேறுவேறு வீதிப்பக்கத்தில் இருக்கின்றனவா? ஒரே வாயானால் உள்ளே எத்தனை மேடை இருந்தும் வெளியே வரிசைதான். மூன்றாவது, மெத எலவின் மேல் போடும் ஒவ்வொரு தூணும் தளமும் கால்வாயின் குறுக்குவெட்டைக் குறைக்கிறதா, தூர்வாரும் இயந்திரம் இறங்க வழி விட்டிருக்கிறதா? மூடிய கால்வாயில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே ஒரு பெருமழை கழிந்துவிடும்.

நடத்துநர்கள் என்ன பெயரில் கூவப்போகிறார்கள் என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். "பல்வகைப் போக்குவரத்து முனையம்" என்று ஓடும் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு யாராலும் கூவமுடியாது. குட்செட் என்றுதான் கூவுவார்கள்.